சிங்கப்பூர் – நியூயார்க்: நேர்வழியும் காற்றுவழியும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? கணினியைக் கேட்டால் 15,349 கிலோமீட்டர் என்று தயங்காமல் சொல்லும். ஆனால் 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழியில் இடைநில்லா விமானத்தை மறுபடி தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். அந்த விமானம் இறங்கியது நியூயார்க் வட்டாரத்தின் இன்னொரு நிலையமான நுவர்க்கில். ஆனாலும் கென்னடிக்கும் நுவர்க்குக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அப்படியானால் மிச்சம் 1,350 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலைவழியாகப் போகும் தூரம் அது. அளவில் பிழை என்று தள்ளிவிட முடியாது.

இரண்டு எண்ணும் சரிதான். முதலாவது பூமியின் உருவத்தைச் சார்ந்தது. இரண்டாவது அந்தப் பூமியைச் சுற்றி ஓடும் காற்றைச் சார்ந்தது. விமானம் மண்மேல் ஓடுவதில்லை, காற்றுக்குள் ஓடுகிறது. விமானப் பயணத்தின் தூரமும் நேரமும் ஏன் ஒரே எண்ணில் நிற்பதில்லை என்பதற்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது.

முதலில் பூமி. பூமியின்மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எது என்று பார்க்க ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் போதும். இரு ஊர்களிலும் நூலை அழுத்திப் பிடித்து இறுக்கினால், அது தானாகவே குறுகிய வழியில் போய்ப் படியும். அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியின் மையம் வழியாக ஒரு தளத்தை வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு பகுதி அது.

சிங்கப்பூர் – நியூயார்க் ஜோடியில் ஒரு வசதி உண்டு. சாங்கி இருப்பது ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். கென்னடி ஏறக்குறைய 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. அதாவது உலகின் நேர் எதிர்ப்பக்கங்களில் இருக்கின்றன. எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ள இரண்டு ஊர்களுக்கு மிகக் குறுகிய வழி துருவத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இங்கே கோண கணிதம் எதுவும் தேவையில்லை, கூட்டலும் பெருக்கலும் போதும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.36 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் 88.64 பாகை. கென்னடி 40.64 பாகை வடக்கே. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 15,330 சொச்சம் வரும். கணினி சொன்னதிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட விலகவில்லை.

அந்த 111 எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீட்டரை வரையறுத்தவர்கள், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றே அதை வைத்தார்கள். ஆகவே அந்தக் கால் வட்டம் 10,000 கிலோமீட்டர். அதைத் தொண்ணூறால் வகுத்தால் 111.1. பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே அமுங்கியது என்று அதற்கு முன்பே நுணுக்கமாக அளந்தவர்கள் உறுதிசெய்திருந்தார்கள். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்த அளவை வேலையில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டது பரங்கிமலைப் பக்கத்தில்தான். சுமார் 12 கிலோமீட்டர் நிலத்தைச் சங்கிலியால் அளந்தார். இன்று சென்னை விமான நிலையம் அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

இனி அந்தக் குறுகிய வழியை வரைபடத்தில் தேடுங்கள். பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படங்களில் பல, மெர்கேட்டர் 1569இல் வகுத்த முறையைப் பின்பற்றியவை. அந்தப் படத்தில் வடதுருவம் கிடையாது. அதை வரைய வேண்டுமானால் தாள் மேல்நோக்கி முடிவே இல்லாமல் நீள வேண்டும். மிகக் குறுகிய வழி படத்தில் இல்லாத ஓர் இடத்தின் பக்கமாகப் போகிறது! அந்தப் படத்தில் அளவுகோலை வைத்துச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின்படியே திசைமானியை ஒரே கோணத்தில் வைத்துப் பறந்தால் பயணம் சுமார் 18,500 கிலோமீட்டர் ஆகிவிடும். தாளில் நேராகத் தெரிவது தரையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. மெர்கேட்டரைக் குறைசொல்லவும் முடியாது. திசை மாறாமல் கப்பலோட்டுகிறவர்களுக்காக அவர் வரைந்த படம் அது. தூரம் பார்க்க நாம்தான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டோம்.

உண்மையான குறுகிய வழி சாங்கியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்புகிறது. கம்போடியா, லாவோஸ், பிறகு சீனாவின் செங்டு நகருக்குச் சற்று மேற்கே, மங்கோலியா, சைபீரியா. துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் வந்து, மறுபுறம் கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையையும் கனடாவின் பாஃபின் தீவையும் தாண்டி, ஏறக்குறைய மான்ட்ரியலுக்கு மேலாக நியூயார்க்கில் இறங்குகிறது. காகிதத்தில் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக் பெருங்கடலுக்கு வந்து, அலாஸ்காவையோ கனடாவின் மேற்குக் கரையையோ எட்டி, வட அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து நியூயார்க் சேர்கிறது. இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் ஜெட் காற்று.

தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் காற்று அது. சில நூறு கிலோமீட்டர் அகலம், சில கிலோமீட்டர் ஆழம். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரில் தொடங்கி 200ஐச் சாதாரணமாகத் தொடும், சில நாட்களில் 300ஐயும் தாண்டும். அது உண்டாவதற்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டும். வெப்பமண்டலத்துக் காற்று சூடேறிப் பருத்து உயரமாக நிற்கிறது, துருவப் பக்கத்துக் காற்று குளிர்ந்து ஒடுங்கி நிற்கிறது. அதனால் உயரே போகப்போக, வெப்பப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கம் நோக்கி அழுத்தம் தள்ளுகிறது. காற்று வடக்கே ஓட முயல்கிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் வட அரைக்கோளத்தில் வலப்புறம் திரும்பி, கடைசியில் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. வெப்ப வித்தியாசம் குளிர்காலத்தில் அதிகம் என்பதால் அப்போது காற்றின் வேகமும் அதிகம்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. 1920களில் டோக்கியோவுக்கு வடக்கே தாதெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் 1926இல் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவே இல்லை. 1944இன் இறுதியில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோமேல் உயரப் பறந்தபோதுதான் அந்தக் காற்று அவர்களுக்குத் தெரியவந்தது. எதிர்த்துப் பறந்தவை நகரவே திணறின. காற்றோடு பறந்தவற்றின் குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுந்தன. அதே மாதங்களில் ஜப்பான் 9,300 சொச்சம் தாள் பலூன்களில் குண்டு கட்டி அந்தக் காற்றிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பியது. இன்று பசிபிக்கைக் கடக்கும் பயணி விமானம் ஏறிக்கொள்வதும் அந்தக் காற்றில்தான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். நியூயார்க் வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். இது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகம். ஆற்றில் துடுப்புப் போடும் ஓடக்காரரின் வேகத்தை நீரை வைத்துச் சொல்வதும் கரையை வைத்துச் சொல்வதும் வேறு வேறு அல்லவா, அப்படித்தான் இதுவும். துருவ வழியில் காற்று உதவாமலும் தடுக்காமலும் இருந்தால் 15,349 கிலோமீட்டரைக் கடக்கப் பதினேழு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் மேல் ஆகும். பசிபிக் வழி 16,700 கிலோமீட்டர். ஆனால் வழி நெடுகச் சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரைக்கணக்கில் வேகம் 980 ஆகிறது. 16,700ஐ 980ஆல் வகுத்தால் அதே பதினேழு மணி. சுற்றிப் போன 1,350 கிலோமீட்டருக்குச் செலவே இல்லை. காற்று இன்னும் பலமாக வீசும் நாளில் சுற்றுவழியே சீக்கிரமும்கூட.

அதனால்தான் விமானத்துக்குப் பாதை வகுக்கும் டிஸ்பாட்சர்கள் தரைத் தூரத்தோடு காற்றுத் தூரத்தையும் பார்க்கிறார்கள். காற்றுக்குள் விமானம் எவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது என்பதே எரிபொருளைத் தீர்மானிக்கிறது. லண்டன், வாஷிங்டன் பெயர்களில் இயங்கும் இரண்டு உலக வானிலை முன்னறிவிப்பு மையங்கள் உயரவாரியாகக் காற்றின் வேகத்தைக் கணித்துத் தருகின்றன. அதை வைத்து அன்றன்றைக்குக் குறைந்த நேரத்தில் போகும் பாதையைக் கணினி வரைகிறது. நேற்றுப் போன வழியில் இன்று போகும் என்று சொல்ல முடியாது.

சரி, திரும்பி வரும்போது? போகும்போது காற்று தந்ததை வரும்போது பிடுங்கிக்கொள்ளும், மொத்தத்தில் சரியாகப் போய்விடும் என்று தோன்றும். தோன்றுவது தப்பு. 9,000 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லையென்றால் போக 10 மணி, வர 10 மணி. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம். மொத்தத்தில் கால் மணி நேரம் நஷ்டம். எதிர்காற்றில் மெதுவாகப் போகிறோம், அதனாலேயே அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். லாபம் குறைந்த நேரத்துக்கு, நஷ்டம் கூடிய நேரத்துக்கு.

நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானத்துக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூர் உலகின் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பாமல், அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, ஆசியா வழியாகக் கிழக்கு நோக்கியே சிங்கப்பூர் வந்து சேரும் நாட்கள் பல. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. போய்த் திரும்பிய பயணி தன்னை அறியாமல் உலகை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார். வேறு பல நெடும் வழிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானம் எதிர்காற்றைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அங்கே மேற்கே போக ஆகும் நேரம் கிழக்கே வர ஆகும் நேரத்தைவிட ஏறக்குறைய ஒரு மணி அதிகம்.

அந்த வழியில்தான் 2020 பிப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. புயலோடு சேர்ந்து ஜெட் காற்று மிகப் பலமாக வீச, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. நடுவே தரைக்கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டரைத் தொட்டது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதே என்று பலர் வியந்தார்கள். தாண்டவில்லை. ஒலியும் அதே காற்றில்தான் பயணம் செய்கிறது. காற்றுக்குள் அந்த விமானம் எப்போதும் போடும் வேகத்தையே போட்டது.

இன்னொரு கேள்வியையும் பலர் கேட்பார்கள். பூமிதான் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, மேலே எழும்பிச் சும்மா நின்றால் மேற்கே உள்ள ஊர் தானாக வந்துவிடாதா? வராது. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, எழும்பும் விமானமும் அந்த வேகத்தோடுதான் எழும்புகிறது. சுழற்சியின் பலன் நமக்கு ஜெட் காற்றின் வழியாக மட்டுமே வந்து சேர்கிறது.

துருவ வழியை யாருமே பயன்படுத்துவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1957இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்கு வடதுருவ வழியில் சேவை தொடங்கியது. சோவியத் வான்வெளி மூடியிருந்த காலம் அது. காந்த ஊசி துருவப் பக்கத்தில் நம்பிக்கைக்கு உரியதல்ல. தீர்க்கரேகைகள் நெருங்கி வந்து கூடுவதால் திசை என்ற சொல்லுக்கே அங்கே பொருள் குழம்புகிறது. அதற்கென்று தனிக் கட்ட வரைபடமும் கைரோ கருவிகளும் வைத்துப் பறந்தார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்ய வானம் திறந்தது. 1998 ஜூலை 6 அன்று ஹாங்காங்கின் புதிய விமான நிலையத்தில் முதலாவதாக வந்திறங்கிய பயணி விமானமே நியூயார்க்கிலிருந்து துருவம் வழியாக இடைநில்லாமல் வந்த கத்தே பசிபிக் விமானம்தான்.

இந்த வழியில் குளிர் ஒரு தொல்லை. சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ வகைக்கு மைனஸ் 40தான். துருவ வானில் காற்று மைனஸ் 60க்கும் கீழே போகும். இறக்கைத் தொட்டியில் உள்ள எரிபொருள் மணிக்கணக்காகக் குளிர்ந்துகொண்டே வரும். எல்லையை நெருங்கினால் விமானி கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ அதைச் சூடாக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் தகவல் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து தொடுவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. சூரியப் புயல் நாட்களில் குறுகிய அலை வானொலியும் வேலை செய்யாது.

வானம் திறப்பதும் மூடுவதும் அரசுகளின் கையில். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் பறந்துகொண்டிருந்த ஃபின்னேர் விமானங்களுக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. வடதுருவத்தைச் சுற்றிப் போன அந்த விமானத்தில் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னாவில் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. டெல்லிக்கும் நியூயார்க்குக்கும் உள்ள பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

ஒரு நிறுத்தம் கூடினால் என்ன என்று கேட்கலாம். உண்மையில், நிறுத்தாமல் போவதுதான் விலை கூடிய வித்தை. சிங்கப்பூர் – நியூயார்க் வழிக்காகவே செய்த ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தின் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய மொத்த எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்! பதினைந்தாவது மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எண்ணெயை முதல் பதினான்கு மணி நேரமும் தூக்கிச் சுமக்க வேண்டும். அப்படிச் சுமப்பதற்கே எண்ணெய் எரிகிறது. தூரம் கூடக்கூட இந்தச் சுமைகூலி வேகமாக ஏறுகிறது. எரிந்து எடை குறையக் குறைய விமானம் படிப்படியாக உயரே ஏறிக்கொள்கிறது, மெல்லிய காற்றில் சிக்கனம் அதிகம் என்பதால்.

இந்தக் கணக்கு ஒருமுறை தோற்றுப்போயிருக்கிறது. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு என்ஜின் ஏ340-500 விமானத்தை வைத்துச் சிங்கப்பூர் – நுவர்க் சேவையைத் தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள். 2008இல் எல்லாவற்றையும் பிசினஸ் வகுப்பாக மாற்றி வெறும் 100 இருக்கைகளோடு பறந்தது. எண்ணெய் விலையோடு மல்லுக்கட்டி முடியாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டது. இரண்டே என்ஜினில் அதே தூரத்தைக் கடக்கும் ஏ350 வந்த பிறகுதான் 2018 அக்டோபரில் வழி மறுபடி திறந்தது. கென்னடி நிலையத்துக்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. இரட்டை என்ஜின் விமானம் பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகிப் போகக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. ஏ350க்கு ஐரோப்பிய அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதி தந்திருக்கிறது. பசிபிக்கில் துணிந்து குறுக்கே போக முடிவது அதனால்தான்.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் பதினெட்டே முக்கால் மணியை ஒட்டி இருக்கும். மேலே போட்ட பதினேழு மணிக் கணக்கு எங்கே போயிற்று? அச்சாவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடப்பது, காற்று ஏமாற்றும் நாளுக்காக அட்டவணைக்காரர்கள் ஒதுக்கிவைக்கும் நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். விமானம் முன்னதாகவே வந்துவிட்டது என்று விமானி பெருமையாக அறிவிக்கும்போது இந்தக் கடைசி வகையை நினைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தில் மட்டும் இந்த வழிக்கு ஒரு சௌகரியம். கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. முள் கடிகாரம் கட்டியவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இதெல்லாம் சாதனையே அல்ல. இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்தது. அதை மறுபடி ஒட்டவைக்க 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் கட்டலினா நீர் விமானங்களை ஓட்டியது. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய நியூயார்க் – லண்டன் அளவு. ஆனால் ஆன நேரம் 27 முதல் 33 மணி. எரிபொருளை ஏற்றிய பிறகு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம் மிஞ்சியது. எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலியை அணைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் தந்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தன. நேரத்தை வைத்துப் பார்த்தால், பயணி விமானத்தில் இவ்வளவு நீண்டு பறந்தவர்கள் இன்றைக்கும் வேறு யாருமில்லை.

அதே குவாண்டாஸ் இப்போது சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் பறக்கும் திட்டத்துக்குச் 'சன்ரைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர், 22 மணி நேரம் வரை. 2019இல் சோதனையாக லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் பறந்தும் பார்த்தார்கள். அதற்கு மேல் போக உலகில் அதிக இடம் இல்லை. பூமியின்மேல் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள தூரம் 20,000 கிலோமீட்டரைப் பெரிதாகத் தாண்ட முடியாது. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புள்ளி ஈக்வடோரின் அமேசான் காட்டில் விழுகிறது. அங்கே யாரும் டிக்கெட் கேட்கப் போவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு சிங்கப்பூர் – நியூயார்க் நெடும்பயணத்துக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யுஎல்ஆர் விமானத்தில் இருப்பது 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அந்த வகுப்புச் சீட்டு வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஓட்டும் விமானம் இருக்கிறது. இரண்டு கட்டங்களின் பெருவட்டத் தூரங்களைக் கூட்டினால் சுமார் 16,470 கிலோமீட்டர். இடைநில்லா விமானத்துக்கு அறிவித்த 16,700ஐவிடக் குறைவு. நேரம் மட்டும் சில மணி கூடும். அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு என் ஓட்டு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே. சீட்டும் மலிவு, நடுவில் காலை நீட்டிக் கொஞ்சம் நடக்கவும் செய்யலாம்.